மலைவீட்டுக்குத் தீத்தடுப்புப் பொருள்கள்: எதற்குப் பணம் போடலாம், எதற்கு வேண்டாம்

மார்கழியிலும் தையிலும் விழும் உறைபனி நீலகிரிப் புல்லைக் கருக்கிவிடுகிறது. மாசியில் வெயில் ஏறிக் காற்றும் கிளம்பினால் அந்தப் புல் சருகுக்குச் சமம். பழனி மலையில் மன்னவனூர், பூம்பாறை, பெருமாள்மலைச் சரிவுகளிலும் இதே நிலைதான். கோடைமழை மண்ணை நனைக்கும்வரை ஒரு பீடித்துண்டு போதும். 2024 மார்ச்சில் குன்னூரை ஒட்டிய காட்டில் பிடித்த தீக்கு விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் நீர் மொண்டுவந்து கொட்ட வேண்டியிருந்தது.

காட்டோரத்து வீட்டைக் காக்கவென்று கடைகளில் கிடைக்கும் பொருள்களை இங்கே எடைபோடுகிறோம். கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், திண்டுக்கல், மதுரையில் வாங்கி லாரியில் மேலே ஏற்றக்கூடியவை மட்டும். விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் தொகை எழுதவில்லை. எதை முதலில் வாங்குவது என்ற வரிசைதான் முக்கியம்.

காட்டுத்தீயில் வீடுகள் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றில் பறந்து வரும் கங்குகள். தீச்சுவாலை வந்து சுவரை முட்ட வேண்டியதே இல்லை. கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். பற்றியபடியே பிய்ந்து வெகுதூரம் பறக்கும். அது ஓட்டிடுக்கில் புகுந்து எலிக்கூட்டின் மேலோ காய்ந்த இலைக் குவியலின் மேலோ விழும். உடனே எரியாது. புகைந்துகொண்டே கிடந்து, காட்டில் தீ கடந்துபோன பிறகு, எல்லாரும் மூச்சுவிட்ட நேரத்தில் உள்ளிருந்து பற்றும். அமெரிக்க வனத்துறையில் இதை நெடுங்காலம் ஆராய்ந்த ஜாக் கோஹன் சொன்னதும் இதுவே: வீடு பிழைக்குமா என்பதை முடிவு செய்வது அந்த வீடும் அதைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 30 மீட்டர் நிலமும்தான்.

அதனால் ஒரு பொருளை எடுத்தால் நாங்கள் முதலில் கேட்பது, அது இடுக்கை அடைக்கிறதா என்று. எத்தனை நிமிடம் எரியாமல் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. மலை மழையையும் மூடுபனியையும் எத்தனை ஆண்டு தாங்கும், இங்குள்ள கொத்தனாரும் ஆசாரியும் தவறில்லாமல் பொருத்த முடியுமா என்பவை அதற்கும் பின்னால்.

எஃகு வலை: முதல் பணம் இதற்கு

பட்டியலிலேயே மலிவானது, பயனில் முதலாவது. இறவானத்தடிக் காற்றுத்துளை, முக்கோணச் சுவர்த் துளை, தரைக்கடிக் காற்றுத்துளை என்று வீடு மூச்சுவிடும் இடம் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீக் கட்டட விதியான ஏ.எஸ். 3959, வலைக்கண் 2 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. மரத் தீக்குச்சி தாராளமாக நுழைந்து வெளிவந்தால் அந்த வலை வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் "12 மெஷ், 304 கிரேடு" என்று கேளுங்கள். ஓர் அங்குலத்தில் 12 கண், 304 என்பது துருப்பிடிக்காத எஃகின் ஒரு வகை. கம்பி 0.4 மி.மீ. என்றால் கண் ஏறத்தாழ 1.7 மி.மீ. வரும். 10 மெஷ் எல்லைக்கோட்டில் நிற்கும். கம்பி மெல்லியதாக இருந்தால் 2 மி.மீ.யைத் தாண்டிவிடும். கொசுவலைக்கு விற்கும் 16, 18 மெஷ் கங்கை நன்றாகவே நிறுத்தும். ஆனால் தூசியும் சிலந்தி நூலும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மச்சில் ஈரம் தங்கும். நைலான் வலையும் பிளாஸ்டிக் பூசிய கண்ணாடியிழை வலையும் கங்கு பட்ட இடத்தில் ஓட்டையாகிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம். மெல்லிய கம்பி அதுவரைகூடத் தாங்காது. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை தீயைத் தாங்கும், குன்னூர், கோத்தகிரி மூடுபனியைத் தாங்காது. துருவேறிய வலையைக் காக்கையே கிழிக்கும்.

304 என்று சொல்லி வேறு எதையாவது தலையில் கட்டுகிறார்களா என்று பார்க்கக் காந்தம் போதும். ஜி.ஐ. கம்பி பட்டென்று ஒட்டும். 304 ஒட்டாது, இழுத்த கம்பி என்பதால் லேசாக ஈர்ப்பது உண்டு, அது குறையல்ல.

ஒரு கணக்கை மறக்காதீர்கள். 1.7 மி.மீ. கண்ணும் 0.4 மி.மீ. கம்பியும் உள்ள வலை துளைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக மறைத்துவிடும். முன்பிருந்த காற்றோட்டமே வேண்டும் என்றால் துளையை ஒன்றரை மடங்கு பெரிதாக்க வேண்டும். இதைச் செய்யாமல் வலை அடித்த வீடுகளில் இரண்டு மழைக்காலத்தில் கைமரம் பூசணம் பிடிக்கும். "எதற்கு வம்பு, எல்லாத் துளையையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்" என்பவர்களுக்கும் அதே கதிதான்.

பொருத்தும்போது வலை துளையைவிட நாற்புறமும் 40 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். மேலே 25 × 3 மி.மீ. பட்டை வைத்து, துருப்பிடிக்காத திருகாணியை 100 மி.மீ.க்கு ஒன்றாக முடுக்குங்கள். ஸ்டேப்ளர் முள் மட்டும் அடித்தால் மரம் சுருங்கும்போது ஓரம் தூக்கிக்கொள்ளும், 5 மி.மீ. இடைவெளி வந்துவிட்டால் நடுவில் உள்ள வலைக்கு அர்த்தமில்லை. அடுத்த முறை பெயின்டர் வரும்போது வலையின் மேல் எனாமல் அடித்துக் கண்ணை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது அடிக்கடி நடக்கிறது.

காற்று தேவையில்லாத இடுக்குகளுக்கு, அதாவது சுவரும் உத்தரமும் சேரும் இடம், குழாய், ஒயர் நுழையும் துளை போன்றவற்றுக்கு, ராக்வூலை (பாறையை உருக்கிச் செய்யும், எரியாத பஞ்சு) திணித்துக் கலவை பூசுவதே சரி. எல்லாரும் கையில் எடுப்பது டப்பாவில் வரும் ஸ்பிரே ஃபோம். அது எரியும் பொருள். இடுக்கை அடைத்ததாக நினைத்து அங்கே எரிபொருளை வைத்துவிட்டுப் போகிறோம்.

கூரை

மங்களூர் ஓடு சுட்ட மண், எரியாது. அதை வைத்து "ஓட்டு வீடு பத்திரம்" என்று சொல்வது பாதி உண்மை. ஓடு மாட்டியிருக்கும் ரீப்பரும் கைமரமும் மரம். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலும், முக்கியமாக இறவான முதல் வரிசையின் அடியிலும், விரல் நுழையும் வழி இருக்கிறது. குருவிக் கூடும் எலிக்கூடும் அங்கேதான். ஓட்டைக் கழற்றித் தகரம் போடத் தேவையில்லை. கீழ் இரண்டு வரிசையை இறக்கி, அங்குள்ள குப்பையை வாரிவிட்டு, 12 மெஷ் வலையை எல் வடிவில் மடித்து இறவானப் பலகையில் பொருத்தி, மறுபடி ஓட்டை அடுக்க வேண்டும். முகட்டு ஓட்டை 1 பங்கு சிமெண்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் கலவையில் பூசுங்கள். வெறும் சிமெண்ட் கலவை வெயிலுக்கும் பனிக்கும் இடையில் வெடித்து விரிசல் விடும். சுண்ணாம்பு கலந்தால் நெளிந்துகொடுக்கும். வெடித்த ஓடுகளை அன்றே மாற்றுங்கள். வெளிச்சத்துக்குப் போட்ட கண்ணாடி ஓடு சூட்டில் விரியும். காட்டுப்பக்கச் சரிவில் இருந்தால் எடுத்துவிட்டு மண் ஓடு போடுவது நல்லது.

ஓட்டின் அடியில் குளிருக்காக விரிக்கும் வெள்ளிநிறக் குமிழித்தாளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் காட்டேஜ்களில் இது இல்லாத கூரை குறைவு. மேலே அலுமினியப் பூச்சு, உள்ளே பாலித்தீன் குமிழி. வாங்குமுன் உள்ளங்கை அளவுத் துண்டைக் குறடில் பிடித்து வெட்டவெளியில் லைட்டர் காட்டிப் பாருங்கள். சுருங்கித் தானே அணைந்தால் ஓரளவு பரவாயில்லை. எரிந்துகொண்டே சொட்டினால் அந்தச் சொட்டு நாளை மரச் சீலிங் மேல் விழும். அதற்குப் பதில் ராக்வூல் விரிப்பு போடலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் கைமரத்தின் மேல் 6 மி.மீ. ஃபைபர் சிமெண்ட் போர்டு அடித்து, அதன்மேல் ரீப்பர், அதன்மேல் ஓடு. இப்படிச் செய்யும்போது போர்டின் மேல் கைமரத்தின் நேராக 20 மி.மீ. சட்டம் ஓடவிட்டு, அதற்குக் குறுக்காக ரீப்பர் அடிக்க வேண்டும். அந்த 20 மி.மீ. இல்லாவிட்டால் ஓட்டில் ஒழுகும் தண்ணீர் ரீப்பரில் தேங்கி மரத்தை அழுகவிடும்.

எஸ்டேட் லயங்களிலும் வரிசை வீடுகளிலும் பல வீட்டுக்கு ஒரே மச்சு. குறுக்குச் சுவர் சீலிங் உயரத்தில் நின்றுவிடும். ஒரு முனையில் புகுந்த கங்கு மறுமுனைவரை எரிக்க இது போதும். அந்தச் சுவரை ஓட்டின் அடிவரை எழுப்புவதற்கு எந்தச் சிறப்புப் பொருளும் வேண்டாம். ஹாலோ பிளாக்கும் கலவையும் போதும். வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்தால், இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த விலையுயர்ந்த பொருளையும்விட இது அதிகம் காப்பாற்றும்.

கால்வலூம் சீட் (அலுமினியமும் துத்தநாகமும் பூசிய எஃகுத் தகடு) நல்ல தேர்வு. கங்கு விழுந்தால் அணைந்துபோகும். குறை அதன் நுனியில். நெளிவின் அடியில் திறந்த வாய் இருக்கும்; அதை அடைக்கக் கடைக்காரர் தருவது பாலித்தீன் ஃபோம் பட்டை. அதற்குப் பதில் அதே நெளிவில் வெட்டிய தகடு கேளுங்கள். கிடைக்காவிட்டால் ராக்வூலைத் திணித்து வெளியே வலை வையுங்கள். வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பாலிகார்பனேட், எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) சீட் இரண்டும் கூரையில் ஓட்டை போட்டு வைப்பதற்குச் சமம். எஃப்.ஆர்.பி. நன்றாகவே எரியும்.

பஃப் பேனல் வீடுகள் மலையில் வேகமாகப் பெருகுகின்றன. குளிருக்கு அருமை, நான்கு நாளில் வீடு நிற்கும். நடுவில் இருப்பது பாலியூரிதேன் ஃபோம். இரண்டு பக்கமும் தகடு இருக்கும்வரை கங்கு ஒன்றும் செய்யாது. வெட்டிய ஓரம், ஜன்னல் கட்டம், ஒயருக்குத் துளைத்த இடம் ஆகியவற்றில் ஃபோம் வெளியே தெரியும், தீ அங்கிருந்து உள்ளே போகும். பி.ஐ.ஆர். என்ற வகை கரிந்து ஓரளவு நிற்கும் என்றாலும் அதுவும் எரிபொருள்தான். புதிதாகக் கட்டுபவர்கள் ராக்வூல் பேனல் கேளுங்கள். 50 மி.மீ. பேனலில் சதுர மீட்டருக்கு 3 கிலோ அளவுக்குக் கூடுதல் எடை வரும். பர்லின் (பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கணக்கை அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே பஃப் பேனல் போட்டவர்கள் வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் தகட்டு மூடி போட்டு ரிவெட் அடித்தால் பாதி ஆபத்து போய்விடும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் எரியாது, ஆனால் சூட்டில் படாரென்று வெடித்துச் சிதறும்; கூரை திறந்துகொள்ளும், நார்த்தூளும் பறக்கும். மாற்றும்போது உடைக்காமல், நனைத்து, முழுச் சீட்டாக இறக்க வேண்டும்.

போர்டுகள்

வெளிச்சுவர் உறை, இறவான அடிச் சீலிங், தூண்மேல் நிற்கும் வீட்டின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடத்துக்கும் போர்டு தேவைப்படும். எவரெஸ்ட், விசாகா வி-போர்டு போன்ற ஃபைபர் சிமெண்ட் போர்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. இவற்றுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 14862. இறவான அடிக்கு 6 மி.மீ., வெளிச்சுவருக்கு 8 முதல் 10 மி.மீ. எடுங்கள். மழை நேரே அடிக்கும் சுவருக்கு இதுவே எங்கள் முதல் தேர்வு. ராம்கோ ஹைலக்ஸ் கால்சியம் சிலிகேட் வகை. லேசானது, வெட்ட எளிது, உட்சுவருக்கும் சீலிங்குக்கும் நல்லது. பைசன் பேனல் சிமெண்டும் மரத்தூளும் சேர்ந்தது, தரம் ஐ.எஸ். 14276. திருகாணி பிடிப்பு மற்ற இரண்டையும்விட மேல், மரவேலை தெரிந்த ஆசாரிக்குக் கைவரும். எடை அதிகம்: 12 மி.மீ. கனத்தில் 8 × 4 அடிப் போர்டு ஏறத்தாழ 45 கிலோ. படிக்கட்டுப் பாதை மட்டுமே உள்ள வீட்டுக்கு இதைக் கணக்கில் வையுங்கள்.

ஜிப்சம் போர்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கட்டுண்ட நீர். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகித் தீயைத் தாமதப்படுத்தும். உட்சீலிங்குக்கு மிக நல்ல பொருள். வெளியே போடவே கூடாது. உதகை ஜூலை மாதத்தை ஒரு முறைகூடத் தாண்டாது.

மலைப்பாதையில் போர்டு உடைவதெல்லாம் மூலையில்தான். லாரியில் தட்டையாக அடுக்கி, அடியில் 60 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். இறக்கியதும் ஈரம் படாமல் மூடுங்கள். நனைந்த போர்டைத் திருகி அடித்தால் காய்ந்து சுருங்கும்போது இணைப்பு விரியும். சட்டங்களுக்கு இடையே 400 மி.மீ., அதிகபட்சம் 600. திருகாணி ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே, மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி, முதலில் துளையிட்ட பிறகே. போர்டுக்குப் போர்டு 3 மி.மீ. விடுங்கள். அந்த 3 மி.மீ.யைச் சிலிக்கான் மட்டும் வைத்து மூடினால் தீயில் திறந்துகொள்ளும். இணைப்பின் பின்னால் எஃகுச் சட்டம் வரும்படி அமைப்பதே சரியான வழி. வெட்டும்போது கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது, தொழிலாளிக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக்கொடுங்கள்.

"60 நிமிடம்", "120 நிமிடம்" என்று ஒட்டிய சீட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த நிமிடக் கணக்கு போர்டுக்குக் கொடுத்தது அல்ல. குறிப்பிட்ட சட்டம், குறிப்பிட்ட கனம், நடுவில் குறிப்பிட்ட அடர்த்தி ராக்வூல், இரு பக்கமும் போர்டு என்று முழுச் சுவராக அடித்துச் சோதித்தது. சட்டத்தின் மேல் ஒற்றைப் போர்டை அடித்துவிட்டு "ஒரு மணி நேரம் தாங்கும்" என்று சொல்வது பொய். சோதனை அறிக்கையில் உள்ள சுவர்ப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தராத கடையில் அந்தச் சீட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

பிளைவுட்டிலும் இதே குழப்பம். ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 இரண்டும் ஈரத்தைப் பற்றியவை. தீயைப் பற்றிய தரம் ஐ.எஸ். 5509. முத்திரையில் அந்த எண் இருக்க வேண்டும். அதுவும் வீட்டுக்குள் போடவே. கடை முகப்புக்குப் போடும் அலுமினிய காம்போசிட் தகட்டின் நடுவில் பாலித்தீன் இருக்கும் சாதாரண வகையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

சரிவின் பக்கம் தூண்மேல் நீட்டிக் கட்டிய வீடுகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அடிப்பக்கம் முக்கியம். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் பயன்படுத்தும் பழைய கணக்கு. 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு. அந்தச் சூடு நேரே தரைப்பலகையின் அடியில் முட்டும். அங்கே விறகு, பழைய கதவு, உருளைக்கிழங்குச் சாக்கு எல்லாம் அடுக்கி வைத்திருப்போம். முதலில் அதைக் காலி செய்து, பிறகு கல் அல்லது ஹாலோ பிளாக் சுவரால் சுற்றி அடைத்து, வலையிட்ட காற்றுத்துளை விடுங்கள். சுவர் முடியாத இடத்தில் எஃகுச் சட்டத்தில் 10 மி.மீ. ஃபைபர் சிமெண்ட்.

ஜன்னல்

சாதாரண 4 மி.மீ. கண்ணாடி உடைவது சட்டத்துக்குள் மறைந்த குளிர்ந்த ஓரத்துக்கும் சூடேறிய நடுப்பகுதிக்கும் உள்ள வித்தியாசத்தால். உடைந்த பிறகு கங்கு திரைச்சீலையில் விழும். டஃபன்டு (சூடேற்றிப் பதப்படுத்திய) கண்ணாடி இந்த வித்தியாசத்தைப் பல மடங்கு தாங்கும். 5 மி.மீ. போதும், காட்டை நேரே பார்க்கும் பக்கத்துக்கு 6 மி.மீ. மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை பதப்படுத்திய பிறகு இதை வெட்ட முடியாது, துளையிட முடியாது. பழைய பங்களா ஜன்னல்கள் மூலைமட்டத்தில் இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு சட்டத்தையும் மூன்று இடத்தில் அளந்து, மிகச் சிறிய அளவிலிருந்து 5 மி.மீ. குறைத்து ஆர்டர் கொடுங்கள்.

யு.பி.வி.சி. சட்டம் 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். எரியாவிட்டாலும் தொய்ந்து கண்ணாடி கழன்று விழலாம். உள்ளே எஃகு வலுவூட்டல் உள்ள வகையே வாங்குங்கள்.

செலவு பார்ப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை வேறு. 1 மி.மீ. தகட்டில் ஆங்கிள் சட்டம் வைத்து வெளிப்பக்கம் மூடும் கதவு. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடுவார்கள். சூட்டையும் கங்கையும் ஒருசேர மறைக்கும், கண்ணாடியை மாற்றத் தேவையில்லை. குறை ஒன்றுதான்: தீ வரும்போது யாராவது வீட்டில் இருந்து மூட வேண்டும். பூட்டிக்கிடக்கும் விடுமுறை வீட்டுக்கு இது சரி, கிளம்பும்போதே மூடிவிட்டுப் போகலாம்.

பெயின்ட்

அதிகம் விசாரிக்கப்படுவதும் குறைவாக உதவுவதும் இதுதான். சூட்டில் உப்பி நுரைபோல் எழும் பெயின்ட் உண்மையான பொருள். வீட்டுக்குள் மரக் கைமரத்துக்கும் எஃகுத் தூணுக்கும் பயன்படும். வெளிமரத்தில் அடித்தால் மழையும் வெயிலும் அதன் உப்பும் தன்மையைத் தின்றுவிடும், மேல்பூச்சு போட்டாலும் பராமரிப்பு ஓயாது. உள்ளே அடிப்பதானாலும் பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்த பிறகே. கணக்கையும் பாருங்கள்: டின்னில் ஒரு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 250 கிராம், இரண்டு கோட் என்று எழுதியிருந்தால் 40 சதுர மீட்டருக்கு 20 கிலோ வேண்டும். பெயின்டர் தின்னர் கலந்து 8 கிலோவில் முடித்துவிட்டால் நிறம் மட்டுமே மிஞ்சும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் மழையில் கரைந்து போகிறது. அதுவும் உள்மரத்துக்கு மட்டும்.

தாழ்வாரம், தொட்டி, தரை

பி.வி.சி. மழைத்தாழ்வாரத்தில் இலை எரிந்தால் உருகிக் கீழே விழுந்து சுவரடியில் எரியும். தகரத் தாழ்வாரம் போடுங்கள். இலைத்தடுப்பு வலை உதவும், ஆனால் பைன் ஊசி 6 மி.மீ. கண்ணில் எளிதாக நுழையும், நுழையாதது மேலேயே குவியும். மாசி முதல் சித்திரைவரை வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறுவதற்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. கணப்புப் புகைபோக்கிக்கு மட்டும் வலைக்கண் பெரிதாக, 10 முதல் 12 மி.மீ. இருக்கட்டும், சிறிதானால் கரி அடைத்துக்கொள்ளும்.

மரப் பலகைத் திண்ணையை ஜன்னலோரம் வைத்திருப்பவர்கள் சுவரை ஒட்டிய முதல் 1.5 மீட்டரையாவது கல்பாவு ஆக்குங்கள். மரம்போல் தெரியும் பிளாஸ்டிக் கலப்புப் பலகை தீர்வு அல்ல. பாலித்தீன் வகை எரியும், பி.வி.சி. வகை இளகித் தொங்கும்.

வீட்டைச் சுற்றி அந்த 1.5 மீட்டரில் எரியும் எதுவும் இருக்கக் கூடாது. 20 மி.மீ. ஜல்லி, 6 செ.மீ. கனம். சுற்றளவு 40 மீட்டர் வீட்டுக்கு ஏறத்தாழ 4 கன மீட்டர், அதாவது ஒன்றரை யூனிட். சரிவில் ஓரக்கல் பதிக்காமல் கொட்டினால் முதல் மழையில் தோட்டத்துக்கு இறங்கிவிடும். அதற்கு அப்பால் 10 மீட்டர்வரை புல்லையும் பெரணியையும் உண்ணிச்செடியையும் தரையோடு அறுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மலைகளை நினைவில் வைத்தால் வேரின் அருமை தெரியும். மரத்தை வெட்ட வேண்டுமானால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி தேவை, மரம் உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும்.

தண்ணீருக்குக் கரண்டை நம்பக் கூடாது. தீ வந்தால் முதலில் போவது மின்சாரம். மலையில் ஒரு வசதி உண்டு: வீட்டுக்கு 10 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் மோட்டார் இல்லாமலே 1 பார் அழுத்தம் வரும். நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் 1,000 லிட்டர் 50 நிமிடம் ஓடும். தொட்டி பிளாஸ்டிக் என்றால் சுற்றிலும் கல்சுவர் எழுப்புங்கள். வெளியே தெரியும் குழாய் ஜி.ஐ. ஆக இருக்கட்டும். 6 கிலோ பவுடர் தீயணைப்புச் சிலிண்டரைவிட, தேயிலைக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் கங்கை அணைக்க மிகவும் கைகொடுக்கும். மருந்து வாடை போகக் கழுவி, பங்குனி முடியும்வரை நல்ல தண்ணீர் நிரப்பிக் கதவருகே வையுங்கள். அது கூரையில் விழுந்த கங்குக்கு. காட்டில் எரியும் தீயை எதிர்கொள்ள அல்ல. அதற்கு 101ஐ அழைத்துவிட்டு, சொன்னவுடன் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும்.

வலையும் போர்டும் பொருத்தி முடித்து, கூலி கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. நன்றாக இருட்டிய பிறகு மச்சில் பெரிய எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிட்டு, வீட்டை வெளியே ஒரு சுற்று நடந்து பாருங்கள். வலையிட்ட துளையில் வெளிச்சம் மெல்லிய பொடியாகத் தெரியும். கோடாகவோ பொட்டாகவோ பளிச்சிடும் இடம் எல்லாம் விட்டுப்போன இடுக்கு. அங்கங்கே சாக்பீஸால் குறித்துவிட்டு, காலையில் ஆசாரி வந்ததும் அந்த அடையாளங்களைக் காட்டுங்கள்.